நாலு வருஷமா ஓபன்ஆர்சிடி2ன்னு ஒரு தீம் பார்க் கட்டற கேம் ஆடறேன், ரோலர் கோஸ்டரை விட கூட்டத்தை வேடிக்கை பாக்கறதுதான் ஜாஸ்தி

நேத்து ஒருத்தர் பின்னாடியே அரை மணி நேரம் சுத்திட்டு இருந்தேன். கேம்லதாங்க, பயப்படாதீங்க. பார்க்குக்குள்ள வந்தாரு, ஒரு பலூன் வாங்கினாரு, ராட்டினத்துல ஒரு ரவுண்டு போனாரு, அப்புறம் என் கோஸ்டர் வாசல் வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பிட்டாரு. கிளிக் பண்ணி மனசுல என்ன நினைக்கறாருன்னு பாத்தா, இது ரொம்ப பயங்கரம் நான் ஏறமாட்டேன்னு இருக்கு. மூணு நாளா ராத்திரி முழிச்சு கட்டின கோஸ்டர்!

கேம் புதுசு ஒண்ணும் இல்ல. 1999ல வந்த ரோலர்கோஸ்டர் டைகூன், கிறிஸ் சாயர்னு ஒரு மனுஷன் கிட்டத்தட்ட முழுசையும் அசெம்ப்ளி மொழியிலேயே (மெஷினோட பாஷைக்கு ரொம்ப பக்கத்துல இருக்கற கோடு) எழுதினாரு, 2002ல ரெண்டாவது பார்ட் வந்துச்சு. அந்த ரெண்டாவதை 2014ல இருந்து ரசிகர்களே பிரிச்சு மேஞ்சு திரும்ப எழுதிட்டு இருக்கறதுதான் ஓபன்ஆர்சிடி2. இது ஃப்ரீ, ஆனா ஒரிஜினல் கேமோட ஃபைல்ஸ் இருந்தாத்தான் ஓடும், அதை காசு குடுத்துதான் வாங்கணும். என்னோட பழைய லேப்டாப்லயே சமத்தா ஓடுது.

அந்த கோஸ்டர் கதைக்கு வரேன். டெஸ்ட் ரன் விட்டா எக்சைட்மென்ட் (எவ்ளோ ஜாலி), இன்டென்சிட்டி (எவ்ளோ பயங்கரம்), நாசியா (எவ்ளோ குமட்டும்)ன்னு மூணு நம்பர் வரும். இன்டென்சிட்டி 10 தாண்டிடுச்சுன்னா முடிஞ்சுது, க்யூல ஈ காக்கா நிக்காது. எனக்கு 11க்கு பக்கத்துல. ஆரம்பத்துலல்லாம் உசரத்தை குறைக்கணும் போலன்னு ட்ராக்கோட மேட்டை வெட்டிட்டே இருப்பேன், ஒண்ணும் நடக்காது. விஷயம் உசரத்துல இல்ல, திருப்பத்துல. முதல் இறக்கம் முடிஞ்சு வண்டி பேய் வேகத்துல வர்ற இடத்துல நான் ட்ராக்கை சாய்க்காம தட்டையா ஒரு வளைவு போட்டிருக்கேன், லேட்டரல் ஜி 2.8 தாண்டி சிவப்புல நிக்குது. அதாவது உள்ள உக்காந்திருக்கறவன் பக்கவாட்டுல தூக்கி அடிக்கப்படறான். அந்த ஒரு வளைவை பெருசாக்கி சாய்ச்சு போட்டேன், அவ்ளோதான், இன்டென்சிட்டி இறங்கிடுச்சு. பத்து நிமிஷத்துல க்யூ வாசல் தாண்டி நிக்குது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நாலு வருஷமா ஆடறேன்னு கூட சொல்லலாம்.

ஆனா கேமோட உண்மையான ஹீரோ துப்புரவுக்காரர்தான். வேலைக்கு எடுத்த உடனே அவர் செய்யற வேலை லிஸ்ட்ல புல்லு வெட்டறது இருந்தா எடுத்து விட்டுடுங்க, இல்லன்னா இங்க பாதை பூரா வாந்தி கிடக்கும், அவர் பாட்டுக்கு மூலைல யாரும் போகாத இடத்துல புல்லு வெட்டிட்டு இருப்பாரு. எனக்கு இது புரியவே ஆறு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் ஆள் பத்தலன்னு நினைச்சு ஆள் எடுத்துட்டே இருந்தேன், சம்பளத்துலயே கஜானா காலி. மழை வந்தா குடை விலையை ஏத்தறது இன்னொரு சந்தோஷம். முணுமுணுக்காம வாங்கறாங்க, கொஞ்சம் பாவமாத்தான் இருக்கும் (ஏத்தாம இருந்ததில்ல).

ஆன்லைன்ல ஒரே பார்க்கை நாலஞ்சு பேர் சேர்ந்து கட்டறப்போ கதையே வேற. காசு எல்லாருக்கும் பொதுங்கறதால ஒருத்தர் ஆசைப்பட்டு ஒரு பெரிய கோஸ்டர் போட்டா மத்தவங்க கையை கட்டிட்டு உக்காரணும். ஒரு தடவை நான் ஒரே ட்ராக்ல ரெண்டு ட்ரெயின் விட்டிருந்தேன், ஸ்டேஷன் பிரேக் பழுதாகி பின்னாடி வந்தது நின்னுட்டு இருந்ததுல போய் மோதி வெடிச்சுடுச்சு, பார்க் ரேட்டிங் அதல பாதாளம். சாட்ல திட்டுவாங்கன்னு பாத்தா ஒருத்தரும் வாயே திறக்கல, ஒரு ஆள் மட்டும் பேசாம வந்து ஸ்டேஷனுக்கு முன்னாடி ப்ளாக் பிரேக் (முன்னாடி இருக்கற ட்ரெயின் கிளம்பற வரைக்கும் பின்னாடி வர்றதை நிறுத்தி வைக்கறது) வெச்சுட்டு போயிட்டாரு. பேர் கூட தெரியாது. அதுல இருந்து எங்க போனாலும் மெக்கானிக் இன்ஸ்பெக்‌ஷனை 10 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்திட்டுதான் மத்த வேலை.

குறைன்னு பாத்தா, புதுசா வர்றவங்களுக்கு கண்ணை கட்டி விட்ட மாதிரிதான் இருக்கும், ஒரு ஜன்னலுக்குள்ள பத்து பட்டன், எது எதுக்குன்னு தட்டிப் பாத்துத்தான் கத்துக்கணும். பாதாளப் பாதை போடறது எனக்கு இன்னிக்கும் தகராறுதான். என் நெட் வேற அப்பப்போ கட்டாயிடும், திரும்ப உள்ள போறதுக்குள்ள நான் போட வெச்சிருந்த இடத்துல யாராவது டாய்லெட் கட்டியிருப்பாங்க.

அந்த பலூன்காரர் என்ன ஆனாருன்னு கேக்கறீங்களா? வளைவை சரி பண்ணிட்டு தேடிப் பாத்தேன், கேட் பக்கம் கிளம்பிட்டு இருந்தவர் க்யூவை பாத்துட்டு திரும்பி வந்து ஏறிட்டாரு. இறங்கினவர் முகம் பச்சையா இருந்துச்சு, நாலு அடி வெச்சாரு, நட்டநடு பாதைல வாந்தி. எக்சிட் பக்கத்துல ஒரு பெஞ்ச் போட்டிருந்தா உக்காந்திருப்பாரு. இன்னிக்கு முதல் வேலை அதுதான்.