பிரேக் வேலைக்கு 38,500 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை: கடலூர், பாண்டி கார்காரங்க படிங்க

பாண்டியில பெர்ஃபார்மன்ஸ் பார்ட்ஸ் வித்து, அவங்களே மாட்டியும் தர்ற ஒரு கடை. 38,500 ரூபாய் வாங்கிட்டு என் பொண்டாட்டி புள்ளைங்க உசுரோட விளையாடிட்டாங்க. ஆத்திரம் அடங்கல, அப்படியே எழுதுறேன்.

என்னுது ரீமேப் பண்ணின, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி பவரைக் கூட்டின, போலோ கார். இன்ஜின் பவரைக் கூட்டிட்டு பிரேக்கை அப்படியே விடக் கூடாதுன்னு தான் போனேன். அதுவும் நம்ம கடலூர் உப்பங்காத்துல காலிப்பர் (பேடை டிஸ்க்கு மேல அழுத்துற பாகம்) நகர்றதுக்கு இருக்கிற பின் சீக்கிரமே துரு புடிச்சு இறுகிடும். முன்னாடி ரெண்டு ஸ்லாட்டட் டிஸ்க் (மேல கோடு வெட்டின டிஸ்க்), புது பேட், டாட் 5.1 ரக பிரேக் ஆயில், பின் கழட்டி கிரீஸ், எல்லாம் சேத்து 38,500 பேசினோம்.

ஓனர் டீ வாங்கிக் கொடுத்தார். சீல் பிரிக்காத ஆயில் டின்னை என் கையில குடுத்து, "நீங்களே உடைங்கண்ணே, உங்க கண்ணு முன்னாடி ஊத்துறேன்"னார். உடைச்சேன். பிரேக் ஆயில் ஊத்தி வைக்கிற டப்பாவான ரிசர்வாயர்ல தேன் கலர்ல ஊத்தினதைப் பாத்தேன். "நம்ம வீட்டு வண்டியா நெனச்சு செய்றேன், நீங்க சாப்பிட்டு வாங்க"ன்னார். இவ்வளவு வெளிப்படையா இருக்கிற ஆளை எப்படிச் சந்தேகப்படுறது?

அடுத்து குடும்பத்தோட ஏற்காடு. இறக்கத்துல பாதி கொண்டை ஊசி வளைவு தாண்டினதும் பெடல் சொதசொதன்னு அமுங்கி அடிவரைக்கும் போயிடுச்சு. செகண்ட் கியர்ல தான் இறங்கிட்டிருந்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து மலைச்சுவர் பக்கமா ஒதுக்கி நிறுத்தினேன். புள்ளைங்க அழுத சத்தம் இன்னும் காதுல இருக்கு.

கடலூர் திரும்பி எங்க மெக்கானிக் காலிப்பர்ல ஆயிலை வெளிய எடுக்கிற நிப்பிளைத் திறந்தார். டிகாஷன் மாதிரி கருப்பா வந்துச்சு. புது ஆயிலை மேல ரிசர்வாயர்ல மட்டும் மாத்திட்டு, லைன்ல இருந்த பழசை அப்படியே விட்டிருக்கான். புது டாட் 5.1 ஆயில் 260 டிகிரி தாங்கணும். ஈரம் குடிச்ச பழைய டாட் 4, 155 டிகிரி பக்கமே கொதிக்கும். கொதிச்சா லைன்ல ஆவி, மிதிச்சா பெடல் உள்ள போகும். அவ்வளவு தான் நடந்தது.

டிஸ்க் அதைவிடக் கொடுமை. புதுசே இல்ல. என் பழைய டிஸ்க்கையே லேத்துல சீவி, கோடு வெட்டி, பெயின்ட் அடிச்சு மாட்டியிருக்கான். டிஸ்க்குலயே பொறிச்சிருக்கிற குறைந்தபட்ச தடிமனுக்கும் கீழ இருக்கு. பின்ல கிரீஸே இல்ல. இதுக்கு 38,500!

போன் பண்ணினா, "பெட்டிங் ஆகலண்ணே, ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்." பெட்டிங்னா 80ல இருந்து 20க்கு, முழுசா நிறுத்தாம, திரும்பத் திரும்ப வேகத்தைக் குறைச்சு பேடையும் டிஸ்க்கையும் பழக்குறது. பெடல் உள்ள போறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நேர்ல போனா, "ஓனர் சென்னை போயிருக்காரு." வாட்ஸாப்ல நீல டிக் மட்டும். கடைசியா, "வேற கடையில கழட்டிட்டீங்களே, வாரண்டி போச்சு." பில் கேட்டப்ப கொடுத்தது வெள்ளைத் தாள்ல எழுதின எஸ்டிமேட். அதுல கடை சீல்கூட இல்ல. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுப் புகார் பதிஞ்சாச்சு.

பிரேக் பராமரிப்பு பத்தி விளக்கமா எழுதணும்னு தான் உக்காந்தேன், இப்ப முடியல. அவசரத்துக்கு இது மட்டும்: ஜிஎஸ்டி பில் இல்லாம ஒரு ரூபாகூட அனுப்பாதீங்க. கழட்டின பழைய டிஸ்க், பேட் ரெண்டையும் கேட்டு வாங்குங்க. நாலு சக்கரத்துலயும் நிப்பிள் வழியா ஆயில் எடுக்கிறப்ப பக்கத்துலயே நில்லுங்க. டாட் 5ம் டாட் 5.1ம் வேற வேற, 5 சிலிகான், ரெண்டையும் கலக்கவே கூடாது. பின்னுக்கு சிலிகான் கிரீஸ் தான், சாதா கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிடும். ஏற்காடு, கொல்லிமலை கிளம்புறவங்க முன்னாடி ஒரு நிப்பிளைத் திறந்து ஆயில் கலரைப் பாத்துட்டுக் கிளம்புங்க.