மாதுளை: தரையிலா, மாடி டிரம்மிலா?

வடசென்னையில் மாதுளை வைக்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் பக்வா ரகமா, கணேஷ் ரகமா என்றுதான் கேட்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வீட்டுத் தண்ணீரை. போர்வெல்லில் வருவது உப்பா, நல்ல தண்ணீரா என்பதை வைத்துத்தான் தரையா மாடியா என்பதே முடிவாகும்.

மாதுளை ஓரளவு உப்பு தாங்கும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தரையில் வைத்து, லேசான உப்புள்ள போர் தண்ணீரை ஊற்றினால் கோடையில் இலை ஓரம் தீய்ந்து பழுப்பாகும், பூ கொட்டும். ஆனாலும் கடலோர மணலில் உப்பு கீழே இறங்கிவிடும். ஐப்பசி மழையில் செடி தேறிவிடும். அதே தண்ணீரை டிரம்மில் ஊற்றினால் தேறாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். மண் மேலேயும் ஓட்டை ஓரத்திலும் வெள்ளையாகப் பூக்கிறதா? அதுதான் அடையாளம். மாடி என்றால் மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியக் குழாய்த் தண்ணீர்) அல்லது மழைநீர். இரண்டுமே கிடைக்காதவர்கள் மாடியை மறந்துவிடலாம்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி தாழ்வான இடங்களில் கதை தலைகீழ். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வெள்ளம் வடிய நாள்கணக்கானது. மாதுளை வறட்சியைத் தாங்கும். தேங்கிய தண்ணீரில் வேர் அழுகிவிடும். அங்கெல்லாம் டிரம்தான். தரைதான் வேண்டுமென்றால் ஒன்றரை அடிக்கு மேடு போட்டு அதன்மேல் நட வேண்டும்.

தரைக்கு வேலை குறைவு: இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி, பத்து கிலோ மட்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு. மாடிக்கு 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஆறேழு ஓட்டை போட்டு, செங்கல் மேல் ஏற்றி வைக்க வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, தொழு உரம் ஒன்று, நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவு ஒன்று. நனைந்தால் 100 கிலோவைத் தாண்டும். தளத்தின் நடுவில் வேண்டாம், பீம் போகிற இடத்தில் வையுங்கள்.

மாடியின் பெரிய தலைவலி காய் வெடிப்பு. மே மாத வெயிலில் மண் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். அப்போது ஒரே மூச்சில் ஊற்றினால் முத்துகள் சட்டென்று பருக்கும், இறுகிப்போன தோல் ஈடுகொடுக்காமல் பிளக்கும். காலை, மாலை என்று பிரித்து ஊற்றி, மண்மேல் இரண்டு அங்குலம் சருகு மூடாக்குப் போட்டால் பெருமளவு குறையும். தரையில் வெடிப்பது பெரும்பாலும் மழைக்காலத்தில்தான். பூவிலிருந்து பழத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதம். அதனால் தை, மாசிப் பூவைக் காய்க்க விட்டு, ஆனிக்குப் பிறகு வருவதைக் கிள்ளிவிடுவது நல்லது.

“பூ நிறைய வருது, காய் நிக்கல” என்பது இரண்டு இடத்திலும் கேட்கிற புலம்பல். அடி குறுகி மணி மாதிரி இருப்பது ஆண்பூ, உதிரத்தான் செய்யும். அடி பருத்துக் குடுவை மாதிரி இருப்பதுதான் காய்க்கும். குடுவைப் பூவே கொட்டினால்தான் தண்ணீரையும் உரத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

காய்த்துளைப்பான் மாடி ஏறியும் வரும். எலுமிச்சை அளவை எட்டும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டுங்கள். ஓட்டை விழுந்து, எச்சம் வழிந்து நாறும் காயைப் பறித்து அழித்துவிடுங்கள்.

ரகத்தில் கணேஷுக்கு விதை மெது, முத்து வெளிர் ரோஜா நிறம். பக்வாவுக்கு அடர்சிவப்பும் தடித்த தோலும். எதுவானாலும் பதியன் கன்றாக வாங்குங்கள். விதைக்கன்று தாய்மரம் மாதிரியே காய்க்கும் என்று நம்ப முடியாது.