இன்னும் வெளிவராத கிராபிக்ஸ் கார்டுக்கு முற்பணம் கட்டாதீர்கள்: என் ஒன்றரை லட்சம் நிற்கிற இடம்

புதிய கிராபிக்ஸ் கார்ட், அதாவது கொம்பியூட்டரில் படத்தைக் கையாளுகிற பாகம், வரும்வரை பொறுத்திருந்து வாங்கலாம் என்று யாழ்ப்பாணத்தில் யோசித்துக்கொண்டிருக்கிற எல்லோரும் இதை வாசியுங்கள். பொறுத்திருங்கள், அதில் பிழையே இல்லை. ஆனால் பொறுத்திருக்கிற காலம் முழுக்க உங்கள் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும். என்னிடமிருந்து 90,000 ரூபாய் காசும், 60,000 என்று கடைக்காரரே விலை போட்ட என் பழைய கார்டும் போய்விட்டன. மொத்தம் ஒன்றரை லட்சம் ரூபாய். கார்டும் இல்லை, காசும் இல்லை. நேற்று அந்தக் கடையில் சொன்ன பதிலைக் கேட்டபிறகு இரவு நித்திரையே வரவில்லை.

கடையின் பெயரை இப்போது போடவில்லை, முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும். நகரத்துக்குள் மாடியில் இருக்கிற, ரிப்பேரும் விற்பனையும் சேர்த்துச் செய்கிற கொம்பியூட்டர் கடை. முகநூலில் பெரிய பக்கம் வைத்து, கொழும்பு விலைக்கே யாழில் தருகிறோம் என்று விளம்பரம் போடுகிற வகை. கிராபிக்ஸ் கார்டை 'விஜிஏ' என்று கேட்டுப் போகிற பெடியள் எல்லோருக்கும் இப்படி ஒரு கடை தெரிந்திருக்கும்.

நான் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடிட் பண்ணுகிறவன். பெரும்பாலும் கனடா, லண்டனில் இருந்து வந்து இங்கே விழா வைக்கிறவர்கள்தான் வாடிக்கையாளர். அவர்கள் திரும்பிப் பிளேன் ஏறுவதற்குள் வீடியோ கையில் இருக்க வேண்டும். கமரா 4:2:2 10 பிட்டில், அதாவது நிற விபரம் கூடுதலாக உள்ள வகையில், பதிகிறது. என்னிடம் இருந்தது என்விடியா கம்பனியின், 2021 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி நினைவகம் உள்ளது. நல்ல கார்ட்தான், ஆனால் அந்த வகை வீடியோவை அது ஹார்ட்வெயாரில், அதாவது கார்டே நேரடியாக, விரித்துக் காட்டாது. அதற்கு அடுத்து வந்த 40 வரிசைக் கார்டுகளும் காட்டாது. என்னுடைய புரொசசர் ரைசன் 5600 இல் உள்ளே கிராபிக்ஸே இல்லை. அதனால் ஒவ்வொரு விழாவுக்கும் முதலில் சின்ன அளவுப் பிரதி செய்து, அதில் வெட்டி, பிறகு பெரியதோடு பொருத்த வேண்டும். அதற்கே ஒரு இரவு போய்விடும். அதற்கும் அடுத்த 50 வரிசையில்தான் என்விடியா 4:2:2ஐ ஹார்ட்வெயாரில் சேர்த்தது. ஆகவே நான் காத்திருந்தது ஆசைக்கோ கேமுக்கோ இல்லை, வேலைக்கு.

50 வரிசையை 2025 ஜனவரி 6ஆம் திகதி லாஸ் வேகாஸில் அறிவித்தார்கள். 5090, 5080 இரண்டும் ஜனவரி 30 விற்பனைக்கு வந்தன. 5070 டிஐ பெப்ரவரி 20, 5070 மார்ச் 5. பெரியதை முதலில் விட்டு, எங்களுக்கு எட்டுகிற விலையில் உள்ளதைக் கடைசியில்தான் விடுவார்கள். எனக்கு வேண்டியது 5060 டிஐ, அதிலும் 16 ஜிபி. பெப்ரவரிக் கடைசியில் அதைப்பற்றி வதந்தி மட்டும்தான் இருந்தது.

அந்த நேரத்தில் ஒரு எஸ்எஸ்டி வாங்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன். கண்ணாடி அலுமாரிக்குள் 40 வரிசையின் 4060 டிஐ இருந்தது. விலை கேட்டேன். கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி, இப்ப இதை எடுத்தால் பிறகு கவலைப்படுவியள். ரெண்டு மாசம் பொறுங்கோ, புதுசு வருது."

தன் கடையில் விற்கக் கிடக்கிற பொருளை வாங்க வேண்டாம் என்று சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? கதிரை போட்டு இருத்தினார். என்ன வேலை, எந்தக் கமரா என்று விசாரித்தார். 8 ஜிபி உங்களுக்குக் காணாது, 16 ஜிபி எடுங்கோ என்றார். அதுவும் சரியான பேச்சு. பிறகு சொன்னார்: "உங்கட 3060ஐ இப்பவே மாத்திப் போடுங்கோ. புதுசு இறங்கினால் பழசின்ர விலை விழுந்திடும். இப்ப அறுபது போடுறன், மே மாசம் கொண்டுவந்தால் நாப்பத்தஞ்சுக்கும் எடுக்க மாட்டன்." இதுவும் உண்மைதான். புதிய வரிசை வந்தால் பழைய கார்டின் விலை இறங்கும் என்பது இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். சொன்னதெல்லாம் உண்மை, அவற்றின் நடுவில்தான் பொய்யை வைத்தார்.

"16 ஜிபி 185,000. அதுக்கு மேல ஒரு சதமும் கேக்க மாட்டன். எங்கட டீலர் சொல்லிப்போட்டார். யாழ்ப்பாணத்துக்கு வாற முதல் பெட்டி உங்களுக்குத்தான்."

அவர் இதைச் சொன்ன நாளில் என்விடியா அப்படி ஒரு கார்ட் வருகிறது என்று வாய் திறக்கவே இல்லை. அறிவித்தது ஏப்ரல் 15, விற்பனை ஏப்ரல் 16. அறிவிக்காத கார்டுக்கு, அறிவிக்காத விலைக்கு, எந்த டீலர் ரூபாயில் கணக்குச் சொல்லியிருப்பார்? தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக் காசு வாங்கினார். இதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

கார்டைக் கழற்றிக் கொடுத்தால் கொம்பியூட்டரில் படமே வராது என்று சொன்னேன். உடனே உள்ளே போய் ஜிடி 710 என்கிற ஒரு பழைய சின்னக் கார்டை எடுத்துவந்து தந்தார். "புதுசு வரும்வரைக்கும் இதைப் போட்டு ஓட்டுங்கோ, காசு வேண்டாம்." அந்த இடத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. கார்டை இரவல் கொடுக்கிற மனிதர் காசை அமுக்குவார் என்று யாருக்குத் தோன்றும்? 90,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டேன். பில் புத்தகம் முடிந்துவிட்டது என்று தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 'விஜிஏ அட்வான்ஸ் 90,000 + பழைய கார்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

ஏப்ரல் 16 அமெரிக்காவில் கார்ட் வெளிவந்தது. 16 ஜிபி 429 டொலர், 8 ஜிபி 379 டொலர். இது அமெரிக்க விலை, வரி சேராதது. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 16 ஜிபி 128,700. அதற்கு மேல் 18 வீத வற் வரி சேர்த்தால் கிட்டத்தட்ட 152,000. கப்பல் கூலி, இறக்குமதியாளரின் லாபம், கடையின் லாபம் எல்லாம் போட்டால் 185,000 ஒன்றும் நடக்காத விலை இல்லை. சந்தோசமாகத்தான் இருந்தேன்.

சித்திரைப் புதுவருடத்துக்குக் கடை பூட்டு. திறந்தபிறகு, "கொழும்புக்கு இன்னும் வரேல்லை." அடுத்து, "வந்திட்டுது, வெள்ளிக்கிழமை பஸ்ஸில வரும்." வெள்ளிக்கிழமை போனால், "சுங்கத்தில நிக்குது தம்பி." கொழும்புக்கு வந்துவிட்ட சாமான் மறுபடி எப்படிச் சுங்கத்தில் நிற்கும்? கேட்டேன். அது வேற லொட் என்றார். பிறகு வெசாக் லீவு. பிறகு போன் எடுப்பதே இல்லை. வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. நேரில் போனால் முன்னால் நிற்கிற பெடியன், "அண்ணை வெளியில போட்டார், வந்தால் சொல்லுறன்" என்பான். உள்ளே அவருடைய குரல் கேட்கும்! கொழும்பில் பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். 16 ஜிபி இருக்கிறது, இன்றைக்கே அனுப்பலாம் என்றார்கள். அதை இவரிடம் சொன்னால், "அப்ப அங்க எடுங்கோவன்" என்கிறார். எதை வைத்து எடுப்பது? என் ஒன்றரை லட்சம் உங்களிடம் அல்லவா இருக்கிறது!

அந்த நாட்களில் பழைய பொருட்கள் விற்கிற ஒரு தளத்தில் என் 3060ஐக் கண்டேன். பின் தகட்டில் மார்க்கரால் நான் எழுதிவைத்த எழுத்துகள் படத்தில் அப்படியே தெரிகின்றன. விலை 78,000, விற்றுமாயிற்று. கேட்டதற்கு, "அது வேற கார்ட் தம்பி." என் கையெழுத்து எனக்குத் தெரியாதா அண்ணை என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் என் வயிற்றை எரிக்கிறது.

மே கடைசியில் அவரே கூப்பிட்டார். ஓடிப்போனேன். மேசையில் பெட்டி. மேலே 5060 டிஐ என்று பெரிதாக, மூலையில் 8 ஜிபி என்று சின்னதாக. "இதுவும் 5060 டிஐ தானே தம்பி, மிச்சம் 35,000 தாங்கோ." எட்டு உங்களுக்குக் காணாது என்று பெப்ரவரியில் சொன்ன அதே வாய்! இரண்டுக்கும் பெயர் ஒன்று, பெட்டியும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் அங்கேயே 50 டொலர் வித்தியாசம், எங்கள் காசில் 15,000. அதைவிடப் பெரியது வேலையில் உள்ள வித்தியாசம். 4கே காட்சியில் நிறத் திருத்தமும் படத்தில் உள்ள புள்ளிகளைக் குறைக்கிற எபெக்டும் சேர்ந்தால் 8 ஜிபி நிரம்பி எடிட்டிங் சொப்ட்வெயார் நின்றுவிடும். என்விடியாவே இந்த 8 ஜிபி வகையை வெளியீட்டுக்கு முன்னர் விமர்சகர்களுக்கு அனுப்பவில்லை என்று அப்போதே பலர் எழுதினார்கள். 16 ஜிபி விலையில் 8 ஜிபியைத் தலையில் கட்டப் பார்த்தார். மறுத்துவிட்டேன்.

வைகாசி, ஆனி இரண்டும் கலியாண மாதம். ஜிடி 710 இல் எடிட்டிங் சொப்ட்வெயார் திறக்கவே இல்லை. மானிப்பாயில் ஒரு நண்பன் வீட்டில், அவன் நித்திரைக்குப் போனபிறகு அவனுடைய கொம்பியூட்டரில் இருந்து வேலை செய்கிறேன். கனடாக் குடும்பம் ஒன்று வீடியோ இல்லாமலே திரும்பிப் போய்விட்டது. அவர்களுக்கு முன்னால் என் முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த நட்டத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

ஜூன் 5 என்விடியாவின் போட்டிக் கம்பனியான ஏஎம்டியின் 9060 எக்ஸ்டி கார்ட் வந்தது, 16 ஜிபி 349 டொலருக்கு. அது என் வேலைக்குப் பொருந்துமா இல்லையா என்பது வேறு. எனக்கு எரிச்சல் என்னவென்றால், பொறுத்திருப்பதன் லாபமே இதுதான். எல்லாரும் தங்கள் சாமானை இறக்கட்டும், உண்மையான விலை வரட்டும், சோதித்துப் பார்த்தவர்கள் எழுதட்டும், பிறகு நான் தெரிவு செய்வேன் என்கிற சுதந்திரம். முற்பணம் கட்டிய அன்றே அந்தச் சுதந்திரத்தை அவர் வாங்கிவிட்டார். என் காசில் வட்டி இல்லாமல் மாதக்கணக்காக அவருடைய கடை ஓடுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று கடைசியாகக் கேட்டேன். கார்ட் வேண்டாம், ஒன்றரை லட்சத்தையும் தாருங்கள் என்றேன். பதில்: "முற்பணம் திருப்பிக் குடுக்கிறேல்லை தம்பி. வேணுமெண்டால் தொண்ணூறுக்குக் கடையில வேற சாமான் எடுங்கோ."

அப்போ பழைய கார்டின் அறுபது?

"அதுக்கு நாங்கள் காசு பேசேல்லையே. புதுசு எடுத்தால் கழிக்கிற டிஸ்கவுண்ட் அது. நீங்கள்தானே புதுசு வேண்டாம் எண்டுறியள்."

என் கார்டை 78,000 போட்டு விற்றுவிட்டு, அது டிஸ்கவுண்டாம்! நான் படி இறங்கும்போது பின்னால் இருந்து கூப்பிட்டு, அந்த ஜிடி 710ஐத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்.

எந்த மாதம் எந்தக் கார்டை வாங்குவது நல்லது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கம்பனி அறிவிக்காத கார்டுக்கு விலை சொல்கிற எவருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். புதியது உங்கள் மேசையில் படம் காட்டும்வரை பழைய கார்டைக் கழற்றிக் கொடுக்காதீர்கள், விலை விழுந்தால் விழட்டும். பில்லில் மாடலின் முழுப் பெயரும் எத்தனை ஜிபி என்பதும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. பில் புத்தகம் முடிந்தது என்றால் கடையை விட்டு வெளியே வாருங்கள். அதிகார சபையின் இலக்கம் 1977, போனில் பதிந்து வையுங்கள்.

நான் இந்தக் கிழமை முறைப்பாடு எழுதிக் கொடுக்கிறேன். விசிட்டிங் கார்டின் இரண்டு பக்கமும், வட்ஸ்அப் செய்திகளும், 3060 விளம்பரத்தின் படமும் என்னிடம் இருக்கின்றன. இதே மாதிரி விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் 'விஜிஏ அட்வான்ஸ்' என்று எழுதி வாங்கியவர்கள் வேறு யாரும் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி போடுங்கள், அந்தத் துண்டைத் தொலைத்துவிடாதீர்கள், சேர்ந்தே போய்க் கொடுப்போம்.