இருட்டு ஹாலில் இரண்டரை நிமிடம்: கோடாக் 500டி சூப்பர் 8 ரோல் பங்க் கச்சேரிக்குத் தேறுமா?

சூப்பர் 8 என்பது 8 மிமீ அகலச் சின்ன சினிமா ஃபிலிம். அதன் ஒரு கார்ட்ரிட்ஜில் இருப்பது 50 அடி, அதாவது 3,600 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஓடவிட்டால் 2 நிமிடம் 30 விநாடி, 18-ல் விட்டால் 3 நிமிடம் 20 விநாடி. கர்நாடகக் கச்சேரி என்றால் ஆலாபனை பாதியைத் தொடுவதற்குள் ரோல் தீர்ந்துபோகும். வேகமும் கூச்சலுமான பங்க் ராக்கில் ஒரு பாட்டு முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை இதற்குள் அடங்கும். உள்ளூர் பங்க் வட்டத்தை ஆவணப்படமாக எடுக்க நினைப்பவர்கள் கோடாக் விஷன்3 500டி (500T, எண் 7219) கலர் நெகட்டிவ் ரோலை வாங்கலாமா என்று கேட்டால், நாங்கள் வாங்கலாம் என்போம். ஆனால் லைட்டுக்கும் ஒலிக்கும் பணம் ஒதுக்கிய பிறகுதான் வாங்க வேண்டும்.

இந்த ஃபார்மட்டுக்கும் இந்த இசைக்கும் பழைய உறவு உண்டு. 1977-ல் லண்டன் கோவென்ட் கார்டனில் இருந்த ராக்ஸி கிளப்பில் டிஜேயாக ரெகே ரெக்கார்டு போட்டுக்கொண்டிருந்த டான் லெட்ஸ், சூப்பர் 8 கேமராவோடு மேடையை ஒட்டி நின்று எடுத்த காட்சிகள் அடுத்த ஆண்டே படமாக வெளிவந்தன. ஸ்லிட்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் போன்ற குழுக்களை அந்த நெருக்கத்தில் பார்க்க முடிவதற்கு அந்தச் சின்ன கேமராதான் காரணம். வாஷிங்டனின் ஃபுகாசி குழுவோடு ஜெம் கோஹென் 1987 முதல் பத்தாண்டுக்கு மேல் எடுத்துச் சேர்த்த படத்தில் சூப்பர் 8, 16 மிமீ, வீடியோ மூன்றும் கலந்திருக்கின்றன. இந்த ரோலைப் பயன்படுத்த அந்தக் கலவையைத்தான் நாங்களும் பரிந்துரைக்கிறோம். கச்சேரி முழுவதையும் டிஜிட்டல் கேமரா பார்த்துக்கொள்ளட்டும். நெருங்கிப் போக வேண்டிய இடத்துக்கு மட்டும் ஃபிலிம்.

காரணம் விலை. ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் மூன்றும் சேர்ந்தால் அமெரிக்க லேப்களில் ஒரு ரோலுக்கு ஏறக்குறைய நூறு டாலர் ஆகிவிடும். நான்கு குழு வாசிக்கும் ஒரு ராத்திரிக்கு ஆறு ரோல் என்று வைத்துக்கொண்டால், அறுநூறு டாலருக்குக் கையில் கிடைப்பது 15 நிமிடம். குழுவுக்கு ஒரு ரோல் போக மிஞ்சும் இரண்டையும் மேடையில் செலவழிக்காதீர்கள். படிக்கட்டில் உட்கார்ந்து கயிறு கட்டிய கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பவர், சுவரில் ஒட்டிய ஃபோட்டோகாப்பி நோட்டீஸ், வாசலில் டிக்கெட் காசை எண்ணும் கை, ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போகிறவர்கள். முப்பது வருடம் கழித்து இந்த வட்டத்தைத் தேடி வருகிறவர் முதலில் பார்க்க விரும்புவது இவற்றைத்தான். வாசிப்பைப் பத்து ஃபோன்கள் எப்படியும் எடுத்துவிடும்.

இனி வெளிச்சம். டப்பாவில் போட்டிருக்கும் 500 என்பது டங்ஸ்டன் பல்பு (இழை எரியும் பழைய பல்பு, ஹாலோஜன்) வெளிச்சத்துக்கான வேகம், அதாவது ஃபிலிமின் ஒளி உணர்திறன். சாதாரண சூப்பர் 8 கேமராவில் ஷட்டர் கோணம், அதாவது சுழலும் ஷட்டரின் திறப்பு, 160 டிகிரி அளவில் இருக்கும். 18 ஃபிரேமில் ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரம் விநாடியில் 40-ல் ஒரு பங்கு. லென்ஸை எஃப்/1.4 வரை முழுக்கத் திறந்தால், பாடகர் முகத்தில் 45 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விழுந்தாலே சரியான எக்ஸ்போஷர். வியூஃபைண்டருக்காக லென்ஸுக்குள் இருக்கும் பிரிசம் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால் 60 லக்ஸ் என்று கணக்கு வையுங்கள். பல சின்ன ஹால்களில் மேடையின் முன்விளிம்பில் இந்த அளவு இருக்கும், டிரம்ஸ் பக்கம் இருக்காது.

அதனால் கேமராவைத் தேடும்போதே, மங்கலான வெளிச்சத்துக்கென்று செய்த, எக்ஸ்எல் (XL) என்று பெயரில் உள்ளதாகப் பாருங்கள். கேனான் 310எக்ஸ்எல் 220 டிகிரி ஷட்டரும் எஃப்/1.0 லென்ஸும் கொண்டது. மேலே சொன்ன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அதற்குப் போதும். ஷட்டர் அகலமாக இருப்பதால் வேகமான அசைவு இழுபட்டுத் தெரியும். இந்த இசைக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

எல்இடி பார் லைட்டுகள்தான் இந்த ரோலுக்கு எதிரி. முழுச் சிவப்பில் வைத்தால் நெகட்டிவின் மூன்று அடுக்கில் ஒன்றுக்கு மட்டுமே வெளிச்சம் போய்ச் சேரும். கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும் முகம், ஸ்கேனில் கிரெய்ன் (ஃபிலிமின் மணல் போன்ற புள்ளிகள்) கொதிக்கும் சிவப்புத் திட்டாக வரும், விவரம் எதுவும் இருக்காது. மலிவான எல்இடி டிம்மர்கள் வெளிச்சத்தை விட்டுவிட்டு அணைத்து எரிப்பதால் ஃபிரேமுக்கு ஃபிரேம் பிரகாசம் ஏறி இறங்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து டங்ஸ்டன் பல்பு. அதன் இழை சூட்டிலேயே இருப்பதால் துடிப்பு தெரியாது. கட்டட வேலைக்குப் பயன்படும் 500 வாட் ஹாலோஜன் விளக்கு இரண்டை மேடையின் இரு பக்கமும் உயரத்தில் கட்டி, மேற்கூரை நோக்கித் திருப்பிவிட்டால் போதும். முகத்துக்கு நேராக வைத்தால் வாசிப்பவர்கள் கண் கூசித் தலை குனிவார்கள். ஒன்று மறந்துவிடக் கூடாது: அவற்றின் 1,000 வாட்டும் ஆம்ப்புகளும் ஒரே பிளக் லைனில் இருந்தால் ஃபியூஸ் போகும், கிட்டாரிலும் இரைச்சல் ஏறும். வேறு லைன் கேளுங்கள்.

கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷரை நம்ப வேண்டாம். பழைய மாடல்களில் பல 40, 160 என்ற இரண்டு வேகத்தை மட்டுமே அறியும். 500 ரோலைப் போட்டால் 160 என்றே எடுத்துக்கொண்டு ஒன்றரை ஸ்டாப்புக்குச் சற்று மேல் கூடுதலாகத் திறந்துவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). இது கெடுதல் இல்லை, நெகட்டிவ் அதைச் சுலபமாகத் தாங்கும், கிரெய்னும் குறையும். கறுப்புத் திரை, கண்ணைப் பறிக்கும் ஸ்ட்ரோப் இரண்டும் மாறிமாறி வரும்போது மீட்டர் தள்ளாடுவதுதான் பிரச்சினை. ஒரே ஷாட்டில் முகம் வெளுத்துக் கறுத்துப் போகும். ஃபோனில் லைட் மீட்டர் ஆப் போட்டு, 500 ஐஎஸ்ஓ, 1/40 (18 ஃபிரேமில் 160 டிகிரி ஷட்டருக்கு) என்று வைத்து முகத்தருகே அளந்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். மீட்டருக்குத் தனி பட்டன் பேட்டரி கேட்கும் கேமராவாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. அவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்யப்பட்டவை. இன்றைய 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் அளவு தப்பும். பகல் வெளிச்சத்துக்கான 85 ஃபில்டர் உள்ளேயே இருக்கும், சுவிட்சை பல்பு சின்னத்துக்குத் தள்ளி அதை விலக்கவும். மறந்தால் முக்கால் ஸ்டாப்புக்கு அருகே வெளிச்சம் வீணாகும், படமும் ஆரஞ்சு பூசிக்கொள்ளும்.

ஃபோகஸ் பற்றிப் பயப்படத் தேவையில்லை. ஃபிரேம் அவ்வளவு சிறியது என்பதால் லென்ஸை 8 மிமீ அகலக் கோணத்தில் வைத்தால், எஃப்/1.4 திறப்பிலும் 3.5 மீட்டரில் ஃபோகஸ் வளையத்தை வைத்துவிட்டால், ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து ஹாலின் கடைசிச் சுவர் வரை கூர்மையாக இருக்கும். வளையத்தை அங்கேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கூட்டம் இடிக்கும்போது முதலில் நகர்வது அதுதான். ஜூம் உள்ளே போனால் இந்தச் சலுகை பறிபோகும். கிட்டே போக வேண்டுமென்றால் காலால் போங்கள்.

இந்த வடிவத்தின் பெரிய வசதி, கூட்டத்துக்கு நடுவே ஐந்தே விநாடியில் ரோல் மாற்ற முடிவது. இருட்டுப் பை வேண்டாம், நூல் கோப்பதுபோல் ஃபிலிமைக் கோக்க வேண்டாம். கதவைத் திறந்தால் லென்ஸுக்குப் பின்னால் உள்ள ஜன்னலில் நிற்கும் சில ஃபிரேம்கள் மட்டும் வெளுக்கும். ஆனால் திறந்த மாத்திரத்தில் அடி காட்டும் முள் பூஜ்யத்துக்குப் போய்விடும், பாதியில் திறந்தால் மீதி எவ்வளவு என்பதை டேப்பில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். தீர்ந்த ரோலின் வாயில் தெரியும் ஃபிலிமில் 'எக்ஸ்போஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் அச்சாகியிருக்கும். தெரியவில்லை என்றால் உள்ளே இன்னும் ஓடாத ஃபிலிம் இருக்கிறது.

சிக்கிக்கொள்வது இந்த கார்ட்ரிட்ஜின் தெரிந்த பலவீனம். சுற்றி எடுக்கும் பகுதி உள்ளே இறுகிவிட்டால் கேமரா மோட்டார் சத்தம் வரும், ஃபிலிம் நகராது. போடுமுன் கார்ட்ரிட்ஜைப் படுக்கையாக உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டி, நடுவில் தெரியும் சக்கரத்தை விரலால் சுற்று திசையில் மெல்ல இறுக்கிக்கொள்ளுங்கள். புது பேட்டரி போட்டு, கேமராவில் ஃபிலிம் ஓடுவதைக் காட்டும் அடையாளம் அசைகிறதா என்று ஒவ்வொரு ஷாட்டிலும் பாருங்கள். ஹாலில் கத்தல் நடுவே மோட்டார் சத்தம் காதில் விழாது, கண்ணால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஒலிக்கு வருவோம். நிறையப் படங்கள் கெடுவது இங்கேதான். ரோலில் ஒலித்தடம் கிடையாது, ஒலிப்பதிவு சூப்பர் 8 ரோல்களைக் கோடாக் 1997-லேயே நிறுத்திவிட்டது. தனி ரெக்கார்டர் வேண்டும். மிக்சரிலிருந்து ஒரு வயர் எடுத்தால் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் அதிர்ச்சி அடைவார்கள். சின்ன ஹாலில் கிட்டார் ஆம்ப்புக்கு மைக்கே வைக்கமாட்டார்கள், அதன் சொந்தச் சத்தமே போதும். மிக்சரில் இருப்பது குரலும் கொஞ்சம் கிக் டிரம்மும் மட்டும். அதனால் மிக்சர் லைனை இரண்டு டிராக்கில் வாங்கி, ஹால் சத்தத்துக்கு ஸ்டீரியோ மைக் ஒன்றை மிக்சர் மேசைக்கு மேலே, தலைகளுக்கு மேல் இரண்டரை மீட்டர் உயரத்தில் வையுங்கள். மூலையில் வைத்தால் பேஸ் குவிந்து எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். மிகச் சன்னமான சத்தத்தையும் மிகப் பெரிய சத்தத்தையும் சேர்த்தே பதியும் 32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் அளவு வைக்கும் கவலை இல்லை என்பார்கள். பாதிதான் உண்மை: மைக்கே திணறினால் எந்த பிட்டும் காப்பாற்றாது. 120 டெசிபல்லுக்கு மேல் தாங்கும் மைக்காக எடுங்கள்.

படத்தையும் ஒலியையும் பொருத்த கிளாப் பலகை தேவையில்லை. டிரம்மர் குச்சிகளைத் தட்டி எண்ணும் ஒன்-டூ-த்ரீ-ஃபோர்தான் கிளாப். கேமராவை அதற்கு முன்பே ஓடவிட வேண்டும், அந்த நான்கு தட்டும் ஃபிரேமுக்குள் தெரிய வேண்டும். பாட்டின் கடைசி ஸ்னேர் அடியிலும் டிரம்ஸைப் பிடியுங்கள். காரணம், 24 என்று எழுதியிருக்கும் பழைய மோட்டார் சரியாக 24-ல் ஓடாது. ஒலியில் முதல் தட்டுக்கும் கடைசி அடிக்கும் இடையே 140 விநாடி, படத்தில் அதே இடைவெளிக்கு 3,304 ஃபிரேம் என்று வந்தால், கேமரா உண்மையில் ஓடியது 23.6-ல். எடிட்டிங்கில் அந்தத் துண்டின் வேகத்தை 98.3 சதவீதமாக்கினால் உதடு பொருந்தும். ஒலியை இழுக்காதீர்கள், சுருதி போய்விடும்.

கழுவக் கொடுக்கும்போது, சினிமா நெகட்டிவுக்கான ஈசிஎன்-2 முறையில் செய்யும் லேப்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரெம்ஜெட் என்ற கறுப்புப் பூச்சு உள்ள ரோலைச் சாதாரண கலர் ஸ்டில் லேபில் கொடுத்தால் அவர்களின் மருந்தே கெட்டுவிடும். ஒரு ஸ்டாப் 'புஷ்' (கூடுதல் நேரம் கழுவிப் பிரகாசம் ஏற்றுவது) கேட்கலாம், ஆனால் நிழலில் பதியாதது புஷ்ஷில் முளைக்காது. கான்ட்ராஸ்ட்டும் கிரெய்னும்தான் கூடும். ஸ்கேன் 2கே போதும், பிறகு நிறம் திருத்த இடம் தரும் லாக் வடிவில், புரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற கோப்பு வகையில், ஓட்டையோரம் தெரியும் ஓவர்ஸ்கேன் என்று எழுதிக் கொடுங்கள். விமான நிலையத்தில் புது சிடி ஸ்கேனர்கள் 500 வேக ரோலைப் புகைமூட்டமாக்கிவிடும், கையால் சோதிக்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரோலை ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே வைத்த பிறகே உறையைக் கிழிக்கவும், இல்லையென்றால் உள்ளே ஈரம் பூக்கும்.

பாட்டு வரிகளைப் படத்தில் சப்டைட்டிலாகப் போடுவது அவசியம். 1981-ல் வெளிவந்த லாஸ் ஏஞ்சலஸ் பங்க் ஆவணப்படத்தில் பெனிலோப் ஸ்பீரிஸ் அதைச் செய்தார். அந்தக் கூச்சலுக்குள் என்ன கோபம் இருக்கிறது என்பது வெளி ஆட்களுக்கு அப்படித்தான் புரிந்தது. வரிகளை அன்று ராத்திரியே குழுவிடம் எழுதி வாங்கிவிடுங்கள், பாட்டைப் பயன்படுத்தும் அனுமதியையும் அதே தாளில் கையெழுத்தாக வாங்குங்கள். இந்தக் குழுக்கள் ஆறு மாதத்தில் கலைந்துவிடும், பிறகு ஆளைப் பிடிக்க முடியாது.

கோடாக்கின் மற்ற ரோல்களில் டிரை-எக்ஸ் கறுப்பு வெள்ளை அழகானது, ஆனால் டங்ஸ்டனில் வேகம் 160 மட்டுமே. மூன்று மடங்கு வெளிச்சம் கேட்கும், மேலே சொன்ன ஹாலோஜன் இல்லாமல் எடுக்காதீர்கள். 50டி (50D, பகல் வெளிச்சத்துக்கான ரோல்) பகலில், ஹால் வாசலிலும் ஒத்திகை அறை ஜன்னலோரத்திலும் நன்றாக வேலை செய்யும். 5,495 டாலருக்குக் கோடாக் கொண்டுவந்த புது சூப்பர் 8 கேமராவில் நிலையான வேகம், உள்ளேயே ஒலிப்பதிவு எல்லாம் இருக்கின்றன. இந்த வேலைக்கு அது வேண்டாம். அதே பணத்துக்குப் பழைய எக்ஸ்எல் கேமரா ஒன்றும், நல்ல ரெக்கார்டரும், முப்பது ரோலுக்கு மேலும் கைக்கு வரும்.