ப்ளூ மவுண்டன் காபி வாங்க மேவிஸ் பேங்க் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

போன மாசம் ஒரு சனிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் ஜமைக்காவோட தலைநகர் கிங்ஸ்டன்ல இருந்து, ப்ளூ மவுண்டன் காபி விளையுற மலை ஊரான மேவிஸ் பேங்க் போனோம். அவர் கான்ட்ராக்ட்ல ஜமைக்கா வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, அடுத்த மாசம் ஊருக்குப் போறோம், எல்லாருக்கும் ப்ளூ மவுண்டன் காபி வாங்கிட்டுப் போகணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. சூப்பர் மார்க்கெட்ல வாங்குறதுக்குப் பதிலா விளையுற ஊருக்கே போய் விவசாயிகிட்ட நேரா வாங்கினா அவங்களுக்கும் நாலு காசு போகுமேன்னு நினைச்சேன், அந்த நினைப்பை வச்சே என்னை ஏமாத்திட்டாங்க.

கிங்ஸ்டன் ஓரத்துல இருக்கிற பாப்பைன்ல இருந்து கோர்டன் டவுன், குவாவா ரிட்ஜ்னு ரோடு ஏறிக்கிட்டே போகும், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், எதிர்ல வண்டி வந்தா யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுக்கணும். சரிவு முழுக்க காபிச் செடி, நடு நடுவுல வாழை. டாக்ஸிக்காரர் நல்லா பேசிக்கிட்டே வந்தார், ஊர் நெருங்குறப்ப "காபி ஃபேக்டரிக்கெல்லாம் எதுக்குப் போறீங்க, அங்க டூரிஸ்ட் விலை, எனக்குத் தெரிஞ்ச விவசாயி இருக்கார், அவர் தோட்டத்துக் காபி, பாதி விலை"ன்னு சொன்னார். நானும் சரின்னு சொன்னேன். அங்கயே நான் சுதாரிச்சிருக்கணும்.

ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. வாசல்ல நாலஞ்சு காபிச் செடி, சிவப்பா பழம், உள்ள ஒரு மரப் பீப்பாய், ஒரு சாக்கு. ப்ளூ மவுண்டன் காபியை மரப் பீப்பாயில தான் எக்ஸ்போர்ட் பண்ணுவாங்கன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும், அதனால அந்தப் பீப்பாயைப் பார்த்ததுமே நம்பிட்டோம். கொட்டகைக்காரர் ஆளுக்கு ஒரு கப் காபி போட்டுக் கொடுத்தார். சத்தியமா சொல்றேன், அப்படி ஒரு காபி நான் குடிச்சதே இல்ல, கசப்பே இல்ல, லேசா ஒரு இனிப்பு, குடிச்சு முடிச்சும் வாயில வாசனை நிக்குது. ஒரு பவுண்டு பாக்கெட் 25 அமெரிக்க டாலர்னார், 6 பாக்கெட் வாங்கினோம், 150 டாலர். பில் கேட்டேன், "இது வீடு மாதிரி, பில்லெல்லாம் கிடையாது"ன்னுட்டார்.

வீட்டுக்கு வந்து ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பாக்கெட் பிரிச்சு அரைச்சு ஃபில்டர்ல போட்டேன். சிக்கரி அள்ளிப் போட்ட மாதிரி ஒரு கசப்பு, கருகின ரப்பர் வாசனை. என் கைப்பக்குவம் தப்போன்னு நினைச்சு மறுபடி தண்ணி அளவு மாத்திப் போட்டேன், அதே தான். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா முன்பக்கம் ஒட்டியிருந்த தங்கக் கலர் ஸ்டிக்கரோட ஓரம் ஈரத்துல தூக்கிக்கிட்டு இருந்துச்சு, நகத்தால மெதுவா உரிச்சேன். அடியில "ப்ளெண்ட்"னு அச்சடிச்சிருக்கு! ப்ளூ மவுண்டன்ங்கிற பேரை மட்டும் வெளிய தெரிய விட்டு அந்த ஒரு வார்த்தை மேல கரெக்டா ஸ்டிக்கரை ஒட்டியிருக்காங்க. 6 பாக்கெட்லயும் அப்படித்தான். அந்தக் கலவையில எத்தனை சதவீதம் ப்ளூ மவுண்டன், மீதி எந்த ஊர்க் காபின்னு எங்கயுமே போடல.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி மேவிஸ் பேங்க்லயே பிறந்து வளர்ந்தவங்க, அவங்க தம்பி இன்னும் அங்க காபி விவசாயம் பண்றார். பாக்கெட்டை எடுத்துட்டு ஓடினேன். அவங்க ஒண்ணுமே பேசாம ஒரு வெள்ளைத் தட்டுல ஒரு கை கொட்டையைப் பரப்பி விரலால ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பக்கம் நீள வாக்குல தட்டையா, நடுக்கோடு பாம்பு மாதிரி நெளிஞ்சு இருக்கிறது, அது அராபிகாங்கிற காபி வகை. இன்னொரு பக்கம் குண்டு குண்டா, கோடு நேரா இருக்கிறது, அது ரொபஸ்டாங்கிற வேற வகை. ப்ளூ மவுண்டன்ல அராபிகா மட்டும் தான். என் தட்டுல குண்டுக் கொட்டை தான் ஜாஸ்தி. அது போக உடைசல், ஊசியால குத்தின மாதிரி பூச்சித் துளை விழுந்தது, எல்லாமே எண்ணெய் வழிய கருப்பா வறுத்தது. அவ்வளவு கருப்பா வறுத்துட்டா மட்டக் கொட்டையெல்லாம் கண்ணுக்குத் தெரியாதாம், நல்ல ப்ளூ மவுண்டனை யாரும் அப்படிக் கருக்க மாட்டாங்களாம். "உங்களுக்குக் குடிக்கக் கொடுத்தது நிஜக் காபி, பையில போட்டது வேற"ன்னாங்க. அதைக் கேட்டப்ப தான் எனக்கு வயிறு எரிஞ்சுது.

அன்னிக்கு ஆன்ட்டி சொன்னதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் ஏமாந்திருக்கவே மாட்டேன். ஜமைக்காவுக்கு 1728-ல முன்னாள் கவர்னர் நிக்கோலஸ் லாஸ் மூலமா காபிச் செடி வந்துச்சு, ஆனா ஜமைக்காவுல விளையுற எல்லாமே ப்ளூ மவுண்டன் கிடையாது. செயின்ட் ஆண்ட்ரூ, செயின்ட் தாமஸ், போர்ட்லேண்ட், செயின்ட் மேரி இந்த நாலு பாரிஷ்ல (நம்ம மாவட்டம் மாதிரி) வரையறுத்து வச்சிருக்கிற மலைப்பகுதியில, சுமார் 3000 அடியில இருந்து 5500 அடி உயரம் வரைக்கும் விளையுறதுக்கு மட்டும் தான் அந்தப் பேரு. நம்ம ஊர்ல பீபெரி, பிளான்டேஷன் ஏ-ன்னு ரகம் கேட்டு வாங்குவோம்ல, அது மாதிரி இங்கயும் தரம் பிரிச்சிருக்காங்க, பீபெரி தனியாவே விப்பாங்க. முன்னாடி காபி போர்டு பார்த்த தரக் கண்ட்ரோலை 2018-ல இருந்து ஜாக்ரான்னு ஒரு அரசு அமைப்பு பார்க்குது, எக்ஸ்போர்ட் ஆகுற காபியை டேஸ்ட் பண்ணிப் பார்த்து பாஸ் பண்ணினா தான் சர்டிஃபிகேட்.

விலை ஏன் குறையாதுன்னும் அவங்க சொல்லித் தான் புரிஞ்சுது. செங்குத்தான சரிவுல நின்னு பழுத்ததை மட்டும் கையால பறிக்கணும், பழத்தைப் பெட்டிக் கணக்குல தான் வாங்குவாங்க, ஒரு பெட்டி 60 பவுண்டு, அதுல தோல் நீக்கி, ஊற வச்சு, கழுவி, காய வச்சு, பொறுக்கினா கடைசியா சுமார் 10 பவுண்டு தான் பச்சைக்கொட்டை தேறும். காய வைக்கிற சிமெண்ட் களத்துக்கு இங்க பார்பிக்யூன்னு பேரு, சின்ன வயசுல மழை வந்தா ராத்திரியிலயும் எழுந்து ஓடி வாரிக் கட்டுவோம்னு சொன்னாங்க. 2016-க்கு அப்புறம் ரெண்டே வருஷத்துல பெட்டி விலை பாதிக்கும் கீழ விழுந்து நிறைய பேர் தோட்டத்தை அப்படியே விட்டுட்டாங்களாம். அந்த ஜனங்க உழைச்சு வாங்கின பேரை ஒரு ஸ்டிக்கர்ல வச்சு விக்கிறாங்களேன்னு தான் எனக்கு 150 டாலர் போனதை விட ஆத்திரம்.

வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு கவனிங்க, "100 சதவீதம் ஜமைக்கா ப்ளூ மவுண்டன்"னு அச்சுலயே இருக்கணும், ப்ளெண்ட், ஸ்டைல்னு ஒரு வார்த்தை இருந்தா அது வேற சரக்கு, ஹை மவுண்டன்னு இருந்தாலும் அது ஜமைக்கா காபி தான் ஆனா ப்ளூ மவுண்டன் இல்ல. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா உரிச்சுப் பாருங்க, வெட்கப்படாதீங்க. சீல் வச்ச பை, தயாரிச்சவர் பேரு, வறுத்த தேதி, பில் நாலும் வேணும். பொடி வாங்கவே வாங்காதீங்க, கொட்டையா இருந்தா தான் தட்டுல போட்டுப் பார்க்க முடியும். குடிக்கக் கொடுத்தா நீங்க வாங்குற பாக்கெட்டையே பிரிச்சுப் போட்டுத் தரச் சொல்லுங்க. டாக்ஸியும் லைசென்ஸ் உள்ளதுக்கு அடையாளமான சிவப்பு நம்பர் பிளேட்டா பார்த்து ஏறுங்க, வாடகை அமெரிக்க டாலரா ஜமைக்கா டாலரான்னு முதல்லயே கேட்டுடுங்க, ரெண்டுக்கும் 150 மடங்குக்கு மேல வித்தியாசம்.

ரெண்டு வாரம் கழிச்சு நாங்க திரும்பப் போனோம். கொட்டகை பூட்டிக் கிடந்துச்சு. டாக்ஸிக்காரருக்குப் போன் பண்ணினா "அவர் யாருன்னே எனக்குச் சரியாத் தெரியாது"ன்னு வச்சுட்டார். அன்னிக்கே ஆன்ட்டியோட தம்பி வீட்டுக்குப் போனோம், பார்பிக்யூவைக் காட்டினார், தோட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போனார், ஆனா வறுத்த காபி அவர்கிட்ட இல்ல, பழத்தை அப்படியே ஃபேக்டரிக்குக் கொடுத்துடறார். அவர் சொன்ன இடத்துல பில்லோட ரெண்டே பாக்கெட் வாங்கினோம், அதுக்கு மேல பட்ஜெட் இல்ல. ஒண்ணு மாமியாருக்கு, ஒண்ணு எங்க அம்மாவுக்கு.