மூன்று கோடைகளுக்குப் பின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ்: வேகத்தில் குறையில்லை, வெப்பத்தில்தான் வழக்கு

மதுரையில் இருக்கும் கல்லூரி நண்பன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். யாரோ பயன்படுத்திய, ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டு அவனுக்குப் படியும் விலையில் வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்தால் போட்டி நிறுவனமான என்விடியாவின் புதிய ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ வாங்கிவிடலாம் என்ற நிலை. "நீ மூணு கோடை பாத்துட்டியேடா, எதை வாங்கலாம்னு ஒரு வார்த்தையில சொல்லு" என்றான். அவனுக்கு அப்போதே ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் கோபத்தையும் முழுமையாகச் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது என்பதால் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருக்கும் 7900 எக்ஸ்டிஎக்ஸை 2023 ஏப்ரலில் வாங்கினேன். அன்று எனக்கு முன்னால் இருந்தவை இரண்டே கார்டுகள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4080, 2022 நவம்பரில் 1,199 டாலர் விலையோடு வந்திருந்தது. அடுத்த மாதமே ஏஎம்டி 7900 எக்ஸ்டிஎக்ஸை 999 டாலருக்கு இறக்கியது. 2020-இல் 699 டாலருக்கு அறிவிக்கப்பட்ட 3080-இன் இடத்துக்கு வந்த கார்டுக்கு 1,199 டாலரா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. 12 ஜிபி நினைவகம் கொண்ட இன்னொரு கார்டுக்கும் 4080 என்றே பெயர் சூட்டி, எதிர்ப்பு வந்ததும் விற்பனைக்கு வருமுன்பே விலக்கிக்கொண்டு, பிறகு அதையே 4070 டிஐ என்ற பெயரில் என்விடியா விற்றதையும் மறக்க முடியவில்லை. சென்னை ரிச்சி தெருவில் நான் விசாரித்த கடைகளில் இரண்டுக்கும் இடையே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 24 ஜிபி நினைவகம், வழக்கமான எட்டு முள் மின் இணைப்பு, ஏற்கெனவே வைத்திருந்த 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்ற வேண்டாம் என்ற வசதி, இவை மூன்றும் சேர்ந்து முடிவைச் செய்தன. அந்த முடிவு அன்றைக்குச் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

வேகத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ரே டிரேசிங் (ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் முறை) இல்லாமல் ஓடும் விளையாட்டுகளில், 4கே திரையில், இது 4080-க்கு இணையாகவோ ஓரிரு அடி முன்னாலோதான் நிற்கிறது. இரண்டரை ஆண்டுகளில் வேகம் போதவில்லை என்ற காரணத்துக்காக ஒரு விளையாட்டையும் நான் மூடியதில்லை.

ஆனால் என் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் கார்டு வந்த முதல் வாரத்தில் குறித்த எண்கள்: ஓர வெப்பம் (சில்லின் ஓரத்தில் அளப்பது) 62 டிகிரி, ஹாட்ஸ்பாட் (சில்லிலேயே மிகச் சூடான இடம்) 81. அறையில் ஏசி இல்லை, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, ஏப்ரல் மாதம். 19 டிகிரி இடைவெளி என்பது நல்ல எண். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதே விளையாட்டு, அதே அமைப்பு, அதே கேபினெட்: 66, 97. 2025 மே மாதத்தில்: 68, 109. ஓர வெப்பத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கார்டு நலமாக இருப்பதாகவே தோன்றும். உள்ளே ஓரிடம் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். 110 டிகிரியைத் தொட்டதும் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கு முன்பே விசிறிகள் முழு மூச்சில் சுழலத் தொடங்கிவிடும். இரவு பதினொரு மணிக்கு அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து, மிக்சி ஓடுகிறதா என்று கேட்கும் அளவுக்குச் சத்தம். ஒரு லட்சம் ரூபாய்க்குச் சற்றே குறைவாகக் கொடுத்து வாங்கிய பொருளிலிருந்து வரக்கூடாத சத்தம் அது.

இது ஏன் நடக்கிறது என்பது மர்மம் இல்லை. சில்லுக்கும் அதன் மேல் அமரும் உலோகத் தகட்டுக்கும் நடுவே தடவப்படும் தெர்மல் பேஸ்ட், கார்டு சூடாகி ஆறி, மீண்டும் சூடாகி ஆறும்போது, இரண்டு பரப்புகளும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், சிறிது சிறிதாக நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கி வெளியேறுகிறது. இந்தக் கார்டின் வடிவமைப்பும் கவனம் கேட்பது: நடுவில் 5 நானோமீட்டரில் செய்த பெரிய சில்லு ஒன்று, அதைச் சுற்றி 6 நானோமீட்டரில் செய்த ஆறு சிறிய சில்லுகள். ஏழு பரப்புகளும் ஒரே தகட்டின் கீழ் ஒரே அழுத்தத்தில் அமர வேண்டும். பேஸ்ட் மலிவானதாக இருந்தாலோ திருகின் பிடிப்பு ஒரு பக்கம் தளர்ந்தாலோ, அதை முதலில் காட்டிக்கொடுப்பது ஹாட்ஸ்பாட் எண்தான். ஏஎம்டியே தயாரித்த மூல வடிவக் கார்டுகளில் சிலவற்றுக்கு 2023 தொடக்கத்தில் வந்த 110 டிகிரிப் பிரச்சினை வேறு. அதற்குக் காரணம், உள்ளே திரவம் ஆவியாகி வெப்பத்தைக் கடத்தும் ஆவிக் கலத்தில் அந்தத் திரவம் குறைவாக இருந்தது, அதை நிறுவனமும் ஒப்புக்கொண்டு கார்டுகளை மாற்றிக்கொடுத்தது. என்னுடையது அந்த வகையில்லை. வேறொரு நிறுவனம் தன் சொந்தக் குளிர்விப்பானைப் பொருத்தி விற்ற கார்டு. அந்தக் குளிர்விப்பானின் உலோகமும் விசிறிகளும் முதல் தரம், இடையில் தடவிய பசைதான் கடைசித் தரம்.

வாரண்டி இருந்ததால் முதலில் சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோனேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. பத்தொன்பது நாள் வைத்திருந்துவிட்டு, "110 டிகிரி வரை இயல்பு, பழுது எதுவும் காணப்படவில்லை" என்று ஒரு தாளில் எழுதித் திருப்பித் தந்தார்கள். 110 என்பது சில்லின் உச்ச வரம்பு என்பது எனக்கும் தெரியும். வரம்புக்குள் இருப்பதும் நலமாக இருப்பதும் ஒன்றா? 81-இல் இருந்தது 109-க்குப் போனதற்கான காரணத்தைக் கேட்டால், இன்று 109 இருப்பதை இயல்பு என்று சொல்வது எப்படிப் பதிலாகும்? இரண்டு ஆண்டு எண்களை எழுதிய என் நோட்டுப் பக்கத்தின் நகலையும் கார்டோடு கொடுத்திருந்தேன். நான் மடித்து வைத்தபடியே அது திரும்பி வந்தது. அதை அவர்கள் பிரித்தும் பார்க்கவில்லை என்பதுதான் இன்றுவரை ஆறாத கோபம்.

கடைசியில் ரிச்சி தெருவின் மாடிக் கடை ஒன்றில் கார்டுகளைப் பிரித்துச் சரிசெய்யும் ஒருவரிடம் போனேன். திருகின் மேல் ஒட்டியிருந்த வட்ட ஸ்டிக்கரை நகத்தால் தொட்டுக்காட்டி, "இது போயிடும் சார், வாரண்டி இருக்காது, பரவால்லயா?" என்று இரண்டு முறை கேட்டார். மீதமிருந்த வாரண்டியின் மதிப்பு என்ன என்பதை அந்தப் பத்தொன்பது நாள்கள் எனக்குச் சொல்லியிருந்ததால், பிரிக்கச் சொன்னேன். சில்லைச் சுற்றியிருந்த நான்கு ஸ்பிரிங் திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஹீட் சிங்க்கை மெல்ல அசைத்து எடுத்தார். பெரிய சில்லின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய இடத்தில் பேஸ்ட் அறவே இல்லை. கண்ணாடி போல முகம் தெரிந்தது. பிதுங்கிய பேஸ்ட் முழுவதும் ஓரங்களில் உலர்ந்து, சுவரில் காய்ந்த சுண்ணாம்பு போலப் பொருக்காகக் கிடந்தது. அவர் அதைத் துடைத்துவிட்டு, பேஸ்ட்டுக்குப் பதிலாக ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 ஏட்டை வைத்தார். அது பசையாக இல்லாமல், சுமார் 45 டிகிரியில் இளகிப் படியும் மெல்லிய ஏடாக வருவது. பாதுகாப்புத் தாள் கிழியாமல் உரிவதற்காக அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து எடுத்தார். அந்த ஏடு பிதுங்கி ஓடுவதில்லை என்பதே அதன் பெருமை. அன்று மாலை வீட்டில் பார்த்தபோது 64, 83. விசிறிச் சத்தம் மின்விசிறியின் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

அதோடு மென்பொருளிலும் ஒரு மாற்றம் செய்தேன். இந்தக் கார்டில் மின்னழுத்தத்தை மட்டும் குறைத்தால் வெப்பம் குறையாது. மிச்சமான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு அது இன்னும் வேகமாக ஓடும், மொத்த மின்செலவு அதே இடத்தில் வந்து நிற்கும். மின் வரம்பையும் பத்து விழுக்காடு இறக்கினால்தான் பலன் தெரியும். இரண்டையும் சேர்த்துச் செய்த பிறகு வேகத்தில் ஏற்பட்ட இழப்பை என் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இனி 4080-க்குச் சேர வேண்டியதைச் சொல்ல வேண்டும். 7900 எக்ஸ்டிஎக்ஸின் அறிவிக்கப்பட்ட மின் அளவு 355 வாட், 4080-க்கு 320. நடைமுறையில் 4080 பல விளையாட்டுகளில் அந்த 320-ஐத் தொடுவதே இல்லை. அதனால் 60 வாட் வித்தியாசம், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். மின் கட்டணத்தில் அது பெரிய தொகை இல்லை, ஆனால் கோடையில் 500 யூனிட் எல்லையை ஒட்டிப் போகும் வீடுகளுக்கு அந்த 18 யூனிட் கட்டண அடுக்கையே மாற்றிவிடும். அதைவிட, அந்த 60 வாட்டும் வெப்பமாக அதே அறைக்குள்தான் இறங்குகிறது. ரே டிரேசிங்கில் 4080 தெளிவாக முன்னே நிற்கிறது. சைபர்பங்க் 2077 விளையாட்டின் பாத் டிரேசிங் (ரே டிரேசிங்கின் முழு வடிவம்) போன்ற கனமான இடங்களில் அந்த முன்னிலை இரு மடங்கையும் தாண்டும். பட அளவை உயர்த்திக் காட்டும் நுட்பத்தில்தான் வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது: 2025 ஜனவரியில் வந்த என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4-இன் புதிய மாதிரி, 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வரை எல்லாக் கார்டுகளுக்கும் கிடைத்தது; அதே ஆண்டு மார்ச்சில் வந்த ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4, ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. 999 டாலர் கொடுத்த முந்தைய தலைமுறையினர் அன்று வாசலில் நின்றுவிட்டார்கள். இருபதாயிரம் ரூபாய் மிச்சம் என்று 2023-இல் நான் போட்ட கணக்கில், கார்டு வாங்கிய பிறகு மென்பொருளால் கூடும் மதிப்புக்கு இடமே வைக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் இடம்பெறாத இன்னொன்று என் பக்கம் வந்து சேர்ந்தது. வாங்கியபோது 24 ஜிபி எதற்கு என்று நானே யோசித்தேன். விளையாட்டுகளுக்கு 16 போதுமானதாகவே இருந்தது. பிறகு வீட்டுக் கணினியிலேயே ஓடும் மொழி மாதிரிகள் (கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு) வந்தன. 32 பில்லியன் அளவுருக்கள் (மாதிரி கற்றுவைத்திருக்கும் எண்கள்) கொண்ட மாதிரியை, எண்ணுக்கு நான்கு பிட்டாகச் சுருக்கினால் ஏறக்குறைய 20 ஜிபி பிடிக்கும். 16 ஜிபி மட்டுமே உள்ள என்விடியாவின் 4080-இலும் 5070 டிஐ-யிலும் 5080-இலும் அது முழுமையாக அடங்காது. இதில் அடங்கி, மேலும் கொஞ்சம் இடமும் மிஞ்சும். மாதிரி சொல் சொல்லாகப் பதில் தரும் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது நினைவகத்தின் வேகம். இதில் விநாடிக்கு 960 ஜிபி, 4080-இல் 717-ஐ ஒட்டி. ஏஎம்டி கார்டில் மாதிரிகளை ஓட்டத் தேவையான ஆர்ஓசிஎம் மென்பொருளை நிறுவ ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது உண்மைதான், என்விடியாவாக இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனாலும் என் அலுவலக ஆவணங்களை வெளியே எந்த சர்வருக்கும் அனுப்பாமல், இரவில் என் மேசையிலேயே ஒரு மாதிரி படித்துச் சுருக்கம் தரும்போது, இந்தக் கார்டு தன் விலையை எனக்கு இரண்டு மடங்காகத் திருப்பித் தந்துவிட்டது என்றே உணர்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு நண்பனுக்கு நான் சொன்ன பதில்: வாங்காதே. அவன் விளையாட மட்டுமே கார்டு தேடுகிறான், மாதிரிகளை ஓட்டப் போவதில்லை. மதுரை வெயிலில் ஏசி இல்லாத அறை. பழைய கார்டுக்குப் பின்னால் பில்லும் இல்லை, வாரண்டியும் இல்லை. 300 வாட்டில் ஓடும் 5070 டிஐ-யோ, அதுவும் கையைக் கடித்தால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியோ அவனுக்குப் பொருந்தும். "அப்ப உன்னோடத மட்டும் ஏன் வெச்சிருக்க?" என்று கேட்டான். என்னுடையதை விற்க எனக்கு மனமில்லை, இன்று யாராவது 5080-ஐ நேருக்கு நேர் மாற்றித் தருவதாகச் சொன்னாலும் தர மாட்டேன் என்று சொன்னேன். இரண்டு பதில்களும் ஒத்துப்போகவில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம். இரண்டையும் மனமாரத்தான் சொன்னேன்.

அப்படியும் அந்தப் பழைய கார்டைத்தான் எடுப்பேன் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் விற்பவர் வீட்டிலேயே 4கே அளவில் இருபது நிமிடமாவது கனமான ஒரு விளையாட்டை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஓர வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இடையே இருபது, இருபத்தைந்து டிகிரி இருந்தால் பேசலாம். முப்பதைத் தாண்டினால், பிரித்துச் சரிசெய்யும் கூலியையும் பிடிஎம் ஏட்டின் விலையையும் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும். நாற்பதைத் தொட்டால் எழுந்து வந்துவிட வேண்டும்.