ஸ்டீம் முன்பதிவு: எக்ஸோடஸுக்காகக் காத்திருக்கும் சேலத்து கேமர்களுக்கு

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமின் ரீஃபண்ட் (பணம் திரும்பத் தரும்) வசதிக்கு ஐந்துக்கு நாலரை, முன்பதிவுக்கு ஒன்றரை.

2023 டிசம்பரில் எக்ஸோடஸ் என்ற விண்வெளி கேம் அறிவிக்கப்பட்டதிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகத்தான் நிற்கிறார்கள். மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி கேமின் முதல் பாகத்தின் தலைமை எழுத்தாளர் ட்ரூ கார்பிஷின் இதிலும் கதை எழுதுகிறார் என்பதில் ஒரு கட்சிக்குத் தலைகால் புரியவில்லை. ஒளிவேகத்தை ஒட்டிப் பறந்துவிட்டுத் திரும்பினால் நமக்குச் சில நாள்தான், வீட்டில் பல பத்தாண்டு ஓடியிருக்கும் என்ற கதைக்கருவும் அவர்களை இழுக்கிறது. ஏற்காட்டுக்குப் போய் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவதற்குள் தம்பி பேரன் எடுத்திருப்பான், அந்த மாதிரி. இன்னொரு கட்சிக்கு 2020 டிசம்பர் மறக்கவில்லை. சைபர்பங்க் 2077 கேம் வெளியாகும் முன் விமர்சகர்களுக்குப் போனது பிசி பதிப்பு மட்டும். சோனியின் பழைய பிஎஸ்4 கேம் கருவியில் அது திணறியது வாங்கியவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சோனி அதே மாதம் தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது.

டவுன்லோடில் வரும் கேமுக்கு ஸ்டாக் தீராது. அப்புறம் எதற்கு முன்பதிவு? ப்ரீலோடுக்கும் (வெளியாகும் முன்பே ஃபைலை இறக்கி வைப்பது) கேமுக்குள் போட நாலு போனஸ் உடைக்கும்தான். அதற்கும் ஆசைப்பட்டால் விதியைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். வெளியாகும் முன் எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியான பின் 14 நாள் கெடு, விளையாடிய நேரமும் 2 மணிக்குள் இருக்க வேண்டும். ஹெல்ப் மெனுவில் ஸ்டீம் சப்போர்ட், பர்ச்சேசஸ், அந்த கேம் என்று போனால் வழி கிடைக்கும். பணம் கட்டிய வழியிலேயே திருப்பி அனுப்ப முடியாவிட்டால் தொகை ஸ்டீம் வாலட்டில் விழும்.

கோட்டை விடும் இடம் அந்த 2 மணி நேரம்தான். முதல் தடவை திறந்ததும் ஷேடர் கம்பைல் (உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்ப கேம் காட்சிகளைத் தயார் செய்யும் வேலை) ஓடுகிறதே, கேம் திறந்திருப்பதால் அதுவும் கணக்கில் சேரும். மெனுவில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும் சேரும். டீலக்ஸ் பதிப்பு வாங்கினால் சில நாள் முன்கூட்டியே ஆட விடுகிறார்கள் (ஸ்டார்ஃபீல்ட் கேமில் ஐந்து நாள் முன்னால்). 2024 ஏப்ரலிலிருந்து அந்த நேரத்துக்கும் விலக்கு இல்லை. அதனால் கதாபாத்திரத்தின் முகம் செதுக்குவதில் முக்கால் மணி போக்காதீர்கள். ரெடிமேட் முகத்தோடு உள்ளே போய், ஆள்கூட்டம் உள்ள இடத்தில் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கு) பாருங்கள். செட்டிங்கை ஒரு படி குறைத்தும் இழுத்து இழுத்து ஓடினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ப்ரீலோடில் வருவது பூட்டிய ஃபைல். வெளியாகும் நேரத்தில்தான் ஸ்டீம் அதைத் திறந்து எழுதும். ஸ்டார்ஃபீல்ட் கேட்டது 125 ஜிபி. அந்த அளவு கேமுக்கு எஸ்எஸ்டியில் 250 ஜிபி காலியாக வையுங்கள், இல்லையென்றால் பாதியில் டிஸ்க் எரர் அடிக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இந்த வேலைக்கே மணிக்கணக்கில் ஆகும். புதிதாக இறக்கும் நேரத்தைவிடக்கூட அதிகமாகலாம்.

அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருப்பவருக்கு, முழு வேகம் கிடைத்தால், 125 ஜிபி மூன்று மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். ப்ரீலோடே தேவையில்லை. ஏற்காட்டில் மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவருக்கு மட்டும் ப்ரீலோட் பிரயோஜனம். நடுவில் கரண்ட் போனாலும் டவுன்லோட் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஃபைலைத் திறந்து எழுதும்போது போனால்தான் வம்பு: ப்ராப்பர்ட்டீஸில் இன்ஸ்டால்ட் ஃபைல்ஸ் போய் வெரிஃபை கொடுங்கள், கெட்டுப்போன பகுதி மட்டும் மறுபடி இறங்கும்.